குவாரிக் குழி ரெடிமேட் குப்பைக்கிடங்கு அல்ல

"பழைய குவாரிக் குழி சும்மாதானே கிடக்கு, அதுல குப்பையைக் கொட்டினா என்ன?"

சுற்றுச்சூழல் அறிக்கைகளைச் சரிபார்க்கும் என் வேலையில் பல கூட்டங்களில் கேட்ட கேள்வி இது. தோண்டும் செலவு மிச்சம், ஊருக்கு ஒதுக்குப்புறம் வேறு. கேட்பவருக்கு நல்ல யோசனையாகவே படும்.

கருங்கல் பூமியில் நிலத்தடி நீர் பாறை வெடிப்புகள் வழியாகத்தான் ஓடுகிறது. வெடி வைத்து உடைத்த குழியில் அந்த வெடிப்புகள் வாய் திறந்து கிடக்கும். மழையில் ஊறிய குப்பையின் கறுப்புச் சாறு நேரே அதற்குள் இறங்கும். மண்ணாவது கொஞ்சம் வடிகட்டும். வெடிப்பு வடிகட்டாது.

அப்படி ஒரு குழியைப் பார்க்கப் போனபோது, கோடையிலும் அடியில் தண்ணீர் நின்றது. "எங்க கெணத்துல தண்ணி எறங்குனா இங்கயும் எறங்கும் சார்" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். நான் கையில் வைத்திருந்த அறிக்கையில் கிணறு என்ற சொல்லே இல்லை. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது. குப்பைக்கிடங்கு குடிநீர்க் கிணற்றிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் 200 மீட்டர், ஆற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லின.

குவாரிக் கோப்பு கனிமவளத் துறையில் இருக்கிறது, குப்பைக் கோப்பு உள்ளாட்சியில். இரண்டையும் ஒருசேரப் படிக்க ஆளில்லை. இடித்த கட்டடங்களின் இடிபாடுகளும் இப்படித்தான் இரண்டு துறைகளுக்கு நடுவில் விழுகின்றன. பழைய கான்கிரீட்டை நொறுக்கிய ஜல்லியை, கம்பி கட்டாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை சேர்க்கலாம் என்கிறது கான்கிரீட் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 (2016). எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை. அப்படிச் சேர்க்காமல் ஏரிக்கரையில் கொட்டும் ஒவ்வொரு லோடு இடிபாடும் மலையில் இன்னொரு லோடு கல் உடைக்கச் சொல்கிறது.

மத்திய அரசின் 2016 ஜனவரி 15 அறிவிக்கைப்படி, கல், மணல் போன்ற சிறு கனிமங்களுக்கான மாவட்ட ஆய்வறிக்கையின் வரைவை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட இணையதளத்திலும் 21 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பலருக்கும் இது தெரிவதே இல்லை. வரைவு வந்தால் முதலில் உங்கள் ஊர்ப் பக்கத்தைத் தேடுங்கள். கல் எடுத்து முடித்த குழியை என்ன செய்யப்போகிறார்கள், சுற்றியுள்ள கிணறுகள் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் புல எண், கிணற்றின் ஆழம், கோடையில் தண்ணீர் நிற்கும் மட்டம் மூன்றையும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.