ஓநாயாவது உடலா, உயிரா?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கடவுளின் நகரம்' என்ற நூலை எழுதிய கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின், அதில் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். பிரஸ்டான்ஷியஸ் என்பவருடைய தந்தை மருந்து கலந்த பாலாடைக்கட்டியைத் தின்றுவிட்டுப் படுக்கையில் விழுந்தார். எவ்வளவு உலுக்கியும் எழவில்லை. சில நாட்கள் கழித்துத் தானாகவே விழித்தவர், தான் குதிரையாக மாறி, மற்றப் பொதிவிலங்குகளோடு சேர்ந்து படைவீரர்களுக்குத் தானியம் சுமந்ததாகச் சொன்னார். விசாரித்துப் பார்த்தபோது அவர் சொன்னபடியே நடந்திருந்ததாம்.

அகஸ்டின் இதை எப்படி விளக்குகிறார் என்பதுதான் முக்கியம். மனித உடலை விலங்கின் உடலாக மாற்றப் பேய்களால் முடியாது என்கிறார். உடல் படுக்கையில்தான் கிடந்தது. அவருக்குள் இருந்த ஏதோ ஒன்றுதான் வெளியே போய், விலங்கின் வடிவில் மற்றவர் கண்ணுக்குத் தெரிந்தது. தமிழில் இதற்கு நெருக்கமான ஒரு தொடர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: கூடு விட்டுக் கூடு பாய்தல்.

ஓநாய்மனிதன் என்றதும் நம் மனதில் வருவது வேறு காட்சி. முழுநிலவு, முறுக்கிக்கொள்ளும் எலும்புகள், தோலைக் கிழித்துக்கொண்டு முளைக்கும் முடி. இது உருமாற்றக் கதை. பழைய மரபுகளைப் புரட்டினால் உருமாற்றக் கதைக்குப் பக்கத்திலேயே கூடுபாயும் கதையும் இருக்கிறது. உடல் அசையாமல் இருக்கும், உயிர் மட்டும் விலங்காகத் திரியும். "என் உடல் மனித உடல்தான், ஆனால் உள்ளே நான் ஓநாய்" என்று சொல்லும் இன்றைய மனிதர்களைப் புரிந்துகொள்ள, இந்த இரண்டாவது கதையைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

ஐஸ்லாந்தின் பழங்கதைகளில் பொத்வர் பியார்க்கி என்ற வீரன் வருகிறான். அரசன் ரோல்ஃபின் கடைசிப் போரில், படைக்கு முன்னால் ஒரு பெரிய கரடி நின்று எதிரிகளை அடித்து வீழ்த்துகிறது. ஆனால் பியார்க்கியைக் களத்தில் காணோம். தோழன் தேடிப் போனால், அவன் மண்டபத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். தோழன் திட்டி எழுப்புகிறான். அவன் எழுந்து களத்துக்கு வந்த நேரத்தில் கரடி மறைந்துவிடுகிறது, போரும் கைநழுவுகிறது. அதே வடக்கத்திய மரபில் ஓநாய்த்தோல் போர்த்திச் சண்டையிட்ட போர்வீரர்களும் உண்டு. அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியில் 'ஹம்ர்' என்றால் தோல், வடிவம் என்ற இரண்டு பொருளும் வரும். தோலை மாற்றுவதும் வடிவத்தை மாற்றுவதும் அவர்களுக்கு ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன.

இன்னொரு சாட்சி நாகா மலைகளிலிருந்து வருகிறது. அங்கே நிர்வாகியாக இருந்த ஜே. எச். ஹட்டன், சேமா நாகர்களிடையே இருந்த சிறுத்தை மனிதர்களைப் பற்றி 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிவாக எழுதினார். அங்கே யாருடைய உடலும் மாறுவதில்லை. தூங்கும்போது உயிர் ஒரு நிஜச் சிறுத்தைக்குள் போகிறது. மறுநாள் காலையில் அந்த மனிதருக்குக் கைகால் வலிக்கிறது. சிறுத்தைக்குப் பட்ட காயம் அவர் உடம்பிலும் தெரியும் என்றும், சிறுத்தை செத்தால் அவரும் சாவார் என்றும் அவர்கள் நம்பினார்கள். ஐரோப்பியக் கதைகளில் இரவில் ஓநாயின் காலை ஒருவர் வெட்டுவார், காலையில் பக்கத்து வீட்டுக்காரரின் கை காயத்தோடு இருக்கும். ஒரு மனிதரும் ஒரு விலங்கும் உயிரால் பிணைந்திருப்பதாகச் சொல்லும் மெக்சிகோ பக்கத்து 'நாகுவால்' நம்பிக்கையிலும் இதே காய முடிச்சு இருக்கிறது.

சரி, இவ்வளவு பரவலான கூடுபாயும் கதை ஐரோப்பாவில் ஏன் பின்னுக்குப் போனது? நீதிமன்றம் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கொலை வழக்குக்கு ஓர் உடல் வேண்டும். 'அவன் தூங்கிக்கொண்டிருந்தான், உயிர் மட்டும் போனது' என்பதை வைத்துத் தண்டனை எழுதுவது சிக்கல். 1589ல் கொலோன் அருகே பெட்பர்க்கில் பீட்டர் ஸ்டும்ப் என்ற விவசாயி, சாத்தான் கொடுத்த இடைவாரைக் கட்டி ஓநாயானதாகச் சித்திரவதையின் பிடியில் ஒப்புக்கொண்டு, கொடூரமாகக் கொல்லப்பட்டான். அந்த வழக்கின் செய்தி துண்டுப்பிரசுரங்களாக அச்சாகிப் பல நாடுகளுக்குப் போனது. தோல், இடைவார், களிம்பு என்று கையில் பிடித்துக் காட்டக்கூடிய பொருள்கள் கதைக்குள் ஊன்றிக்கொண்டன.

இந்த வழக்குகளில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது தீஸ் என்ற கிழவரிடம்தான். 1691, லிவோனியா, இன்றைய லாட்வியா. எண்பது வயதைத் தாண்டிய தீஸ் வேறொரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர். அவரை ஓநாய்மனிதர் என்று ஊரே அறியும் என்ற பேச்சு எழுந்தபோது அவர் மறுக்கவில்லை. அடியும் உதையும் இல்லாமல் அவராகவே விவரித்தார். ஆண்டுக்கு மூன்று இரவுகள் அவரும் கூட்டாளிகளும் ஓநாய்களாக நரகத்துக்குப் போவார்களாம். சூனியக்காரர்கள் திருடிப் பதுக்கிய தானியத்தையும் கால்நடைகளையும் மீட்டு வருவார்களாம். அப்படிச் செய்யாவிட்டால் அந்த வருஷம் விளைச்சல் பொய்த்துவிடும். "நாங்கள் கடவுளின் வேட்டைநாய்கள்" என்றார். தன் மூக்கு உடைந்தது அந்த நரகச் சண்டையில்தான் என்றும் சொன்னார்.

நீதிபதிகள் திணறிப்போனார்கள். ஓநாய் என்றால் சாத்தானின் ஆள் என்பது அவர்கள் கணக்கு. கிழவரோ, நான் சாத்தானின் எதிரி, செத்தால் என் ஆன்மா சொர்க்கத்துக்குத்தான் போகும் என்கிறார். ஓநாயாவது எப்படி என்று கேட்டதற்கு முதலில் ஓநாய்த்தோலை உடுத்துவோம் என்றார். பின்னர், புதருக்குள் துணியைக் கழற்றி வைப்போம், அவ்வளவுதான் என்றார். மக்களை மதத்திலிருந்து திருப்பிய குற்றத்துக்காக அவருக்குச் சாட்டையடியும் நாடுகடத்தலும் விதித்தார்கள். இதே லிவோனியாவைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுதிய ஜெர்மன் அறிஞர் காஸ்பர் போய்சர், அங்குள்ள ஓநாய்மனிதர்கள் பிணம்போல் விழுந்து கிடக்க உயிர் மட்டும் போகிறது என்று குறித்திருந்தார். தீஸோ உடலோடு போனதாகச் சாதித்தார். ஆக, ஒரே மண்ணில் இரண்டு கதைகளும் பின்னிக் கிடந்திருக்கின்றன. ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது. ஓநாயாக இருப்பது தீஸுக்குச் சாபமாகத் தோன்றவில்லை. அது அவர் யார் என்பதன் பகுதியாகவும், ஊருக்குச் செய்யும் கடமையாகவும் இருந்தது.

இப்போது இன்றைக்கு வருவோம். ஓநாய்மனிதக் கதைகளைப் பேசுவதற்காக 1992ல் யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையில் ஒரு குழு தொடங்கியது. கதை பேச வந்தவர்களில் சிலர் மெல்ல வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தார்கள்: இது எனக்குக் கதை இல்லை, நான் உள்ளுக்குள் உண்மையாகவே ஒரு விலங்கு. அங்கிருந்து வளர்ந்த சொல்தான் தேரியன். காட்டுவிலங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஓநாய், பெரும்பூனைகள் அதிகம், பறவைகளும் உண்டு. விலங்கு வேடம் போட்டு மகிழும் ஃபர்ரி ரசிகர்கள் வேறு, இவர்கள் வேறு. அங்கே விலங்கு என்பது விருப்பம், இங்கே அது அடையாளம்.

சிலர் இதை ஆன்மிகமாகப் பார்க்கிறார்கள்: முற்பிறவியில் ஓநாயாக இருந்த உயிர் மனிதக் கூட்டுக்குள் வந்துவிட்டது என்று. மூளை அமைப்பும் வளர்ச்சியும் இப்படி ஆக்கிவிட்டன என்று விளக்குபவர்களும் இருக்கிறார்கள். எந்த விளக்கம் சொன்னாலும் அவர்களில் பலரும் விவரிக்கும் அனுபவம் ஒரே மாதிரி இருக்கிறது. அதை 'ஷிஃப்ட்' என்கிறார்கள். சில நேரம் யோசிக்கும் விதம் மாறுகிறது. சொற்கள் பின்னுக்குப் போய் வாசனையும் ஓசையும் முன்னுக்கு வருகின்றன. சில நேரம் இல்லாத வால், நிமிர்ந்த காதுகள், நீண்ட முகவாய் இருப்பதுபோல் உணர்கிறார்கள். கனவில் நான்கு காலில் ஓடுகிறார்கள். தோல் மட்டும் மாறுவதே இல்லை, மாறும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதும் இல்லை.

இல்லாத வாலை எப்படி உணர முடியும்? இங்கேதான் மூளை அறிவியல் கைகொடுக்கிறது. நம் உடலை நாம் நேரடியாக உணர்வதில்லை. தோல், தசை, மூட்டு, கண், காதின் சமநிலை உறுப்பு எல்லாம் அனுப்பும் செய்திகளைக் கோத்து, மூளை ஓர் உடல் வரைபடத்தைக் கட்டிக்கொண்டே இருக்கிறது. நாம் 'என் உடம்பு' என்று உணர்வது அந்த வரைபடத்தைத்தான். கை துண்டிக்கப்பட்ட பிறகும் அந்தக் கை வலிப்பதற்குக் காரணம், கை போனபின்னும் வரைபடத்தில் அது மிஞ்சியிருப்பது. கையோ காலோ இல்லாமலே பிறந்தவர்களில்கூடச் சிலர் அந்த உறுப்பை உணர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வரைபடம் எவ்வளவு சுலபமாக இளகும் என்பதை 1998ல் பாட்வினிக், கோஹன் இருவரும் ஒரு ரப்பர் கையை வைத்துக் காட்டினார்கள். உங்கள் கையை மறைத்து, எதிரே ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால் போதும். சில நிமிடங்களில் தொடுவது ரப்பர் கையில் நடப்பதாகத் தோன்றும். 2013ல் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். மெய்நிகர் உலகில் 32 பேருக்கு வால் உள்ள உடல் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு வால் தன்போக்கில் ஆடியது, மீதிப் பேருக்கு அவர்கள் இடுப்பசைவுக்கு ஏற்ப அசைந்தது. தங்களுக்குக் கட்டுப்பட்ட வால் கிடைத்தவர்கள் அந்த உடலைத் தங்கள் உடலாக உணர்ந்தது அதிகம். அப்படி உணர்ந்தவர்கள், வாலுக்கு ஆபத்து வந்தபோது பதறி விலகவும் பார்த்தார்கள். மனித மூளைக்கு வாலை ஏற்றுக்கொள்வது அவ்வளவு கடினமில்லை!

உயிர் உடலை விட்டு வெளியேறும் உணர்வுக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. 2002ல் ஓலாஃப் பிளாங்கேயின் குழு, வலிப்புநோய் சிகிச்சைக்காக ஒரு பெண்ணின் மூளையின் வலப்புறம், காதுக்குச் சற்று மேலே பின்பக்கமாக மின்தூண்டல் கொடுத்தது. அவர் மேலே மிதந்து, கட்டிலில் கிடக்கும் தன்னையே பார்ப்பதாகச் சொன்னார். பார்வையும் சமநிலையும் தொடுவுணர்வும் சந்திக்கும் இடம் அது. இந்தச் சோதனைகள் தேரியன்களை வைத்து நடந்தவை அல்ல. ஆனால் 'நான் இந்த உடல்' என்ற உணர்வே மூளை ஒவ்வொரு நொடியும் செய்யும் வேலை என்றால், அந்த வேலை ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஆச்சரியம் என்ன?

இதற்கு மாறாக, ஓநாய்மனிதக் கதைகளுக்கு, வெயில் பட்டாலே தோல் புண்ணாகக்கூடிய போர்ஃபைரியா நோய் காரணம், உடல் முழுக்க முடி வளரும் நோய் காரணம் என்ற விளக்கங்கள் அடிக்கடி சுற்றி வருகின்றன. எனக்கு அவை ஒட்டவில்லை. தீஸும் ஸ்டும்பும் பார்வைக்குச் சாதாரணக் கிராமத்து மனிதர்கள். தோற்றத்தை விளக்கும் நோய், தோற்றமே மாறாதவர்களின் கதையை எப்படி விளக்கும்? அதோடு, ஏற்கெனவே துன்பப்படும் நோயாளிகள் தலையில் அரக்கன் பட்டத்தையும் சுமத்துகிறோம்.

மனநோய் என்ற விளக்கம் அப்படித் தள்ளக்கூடியது அல்ல. ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா தீவின் மருத்துவர் பவுல், இரவில் ஓநாய்போல் அலைந்து விடியும்வரை கல்லறைகளைச் சுற்றுபவர்களைப் பற்றி எழுதி, வெளிறிய முகம், வறண்ட கண், காயம்பட்ட கால் என்று அறிகுறிகளை அடுக்கினார். அவர் பார்வையில் அது மனச்சோர்வு நோயில் ஒரு வகை. இன்றும் சைக்கோசிஸ் (நிஜம் எது என்ற பிடி நழுவும் மனநிலை), கடும் மனச்சோர்வு போன்ற நிலைகளில் மிக அரிதாக இது வருகிறது. 1850 முதல் 2012 வரையிலான மருத்துவ இலக்கியத்தைச் சலித்த யான் டிர்க் ப்ளோம், விலங்காக மாறிவிட்டதாக நம்பிய 56 பேரைத்தான் கண்டார். அதில் ஓநாய்மனித நோய் என்று கண்டிப்பாகச் சொல்லக்கூடியவை 13. அந்த நோயாளிக்குத் தன் கையில் முடி முளைப்பது நிஜம், கண்ணாடியில் தெரியும் நகமும் நிஜம். தேரியனுக்குக் கண்ணாடியில் தெரிவது மனித முகம். அது தனக்கு அந்நியமாக இருக்கிறது என்பார், மனித முகம் இல்லை என்று சொல்லமாட்டார். அந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பது இரு தரப்புக்கும் அநியாயம்.

ஓநாயானதாகச் சொல்வது மனநோயாக இருக்கலாம் என்பதை ஒரு நீதிமன்றம் 1603லேயே ஓரளவு கண்டுகொண்டது. பிரான்சின் போர்தோவில், ஓநாயாகிக் குழந்தைகளைத் தின்றதாகத் தானே சொன்ன ஜான் கிரெனியே என்ற பதின்ம வயதுச் சிறுவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மருத்துவர்களைக் கேட்ட நீதிபதிகள், உருமாற்றம் என்பது கலங்கிய மூளைக்குள் மட்டுமே நடப்பது என்று முடிவு செய்து, அவனை எரிக்காமல் ஒரு மடத்தில் அடைத்தார்கள். 1610ல் நீதிபதி பியேர் தெ லாங்க்ர் அங்கே போய் அவனைப் பார்த்தார். மெலிந்த உடல், கறுத்துப் பளபளக்கும் கண்கள். நான்கு காலில் ஓடுவது அவனுக்கு அப்போதும் சர்வசாதாரணமாக வந்தது.