காய்கறிப் பீட்சாவில் தண்ணீரின் கணக்கு

வீட்டில் சுட்ட காய்கறிப் பீட்சாவைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். மேலே பாலாடைக்கட்டி உருகிப் பொன்னிறப் புள்ளிகளோடு இருக்கும். தட்டைத் தொட்டிருந்த அடிப்பக்கமும் ஓரளவு மொறுமொறுப்பாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில், தக்காளிச் சாறு பட்ட இடத்தை ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் வெளிறிய பசைப்பட்டை ஒன்று ஓடும். பார்வைக்கு அது வேகாத மாவு போல இருந்தாலும், பெரும்பாலும் வெந்துதான் இருக்கிறது. மாவிலுள்ள மாச்சத்து 60 முதல் 70 டிகிரி செல்சியசிலேயே நீரை உறிஞ்சி உப்பிவிடும், ஆனால் அதன் பிறகு மிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாததால் அது கூழாகவே நின்றுவிட்டது. நான் சுட்ட முதல் சில பீட்சாக்களில் இந்தப் பட்டையைக் கண்டு மாவைக் குறை சொல்லி மாவை மாற்றிக்கொண்டே இருந்தேன். குறை மேலே அடுக்கிய காய்களில் இருந்தது.

மத்தியதரைக்கடல் பகுதியின் பாணியில் செய்யும் காய்கறிப் பீட்சாவில் சுக்கினி (வெள்ளரி போல நீண்ட ஒரு பூசணி வகைக் காய்), கத்தரிக்காய், குடைமிளகாய், தக்காளி, பசலைக்கீரை ஆகியவையே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. இவை எல்லாவற்றிலும் எடையில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். சுக்கினியில் அது 95 விழுக்காட்டை நெருங்குகிறது. 200 கிராம் காயை ஒரு பீட்சாவின்மேல் பரப்பினால் ஏறக்குறைய 180 கிராம் தண்ணீரை ஊற்றியதற்குச் சமம். அந்தத் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 60 கிலோஜூல் வெப்பம் போதும். அதையே முழுவதும் ஆவியாக்க மேலும் 400 கிலோஜூல், அதாவது ஏறக்குறைய ஏழு மடங்கு வெப்பம் தேவை. ஓவனின் குமிழை 250-இல் வைத்தாலும், மேற்பரப்பில் தண்ணீர் நிற்கும்வரை அங்கே வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறத்தையும் வறுவல் மணத்தையும் தரும் வினையோ ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல்தான் விறுவிறுப்பாக நடக்கும். 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் விவரித்த வினை அது. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் இணைந்து நூற்றுக்கணக்கான புதிய சேர்மங்களை உண்டாக்குவதே அதன் சாரம். ஈரமான இடத்தில் காய் அவியும், வறுபடாது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்புகளில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அங்கே அடுப்பின் வெப்பநிலை 400 டிகிரிக்கு மேல் இருக்கும், பீட்சா 60 முதல் 90 நொடிகளில் வெந்து வெளியே வந்துவிடும். சாறு கசியத் தொடங்குவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. மேலும் அவர்களுடைய மரபான பீட்சாக்களில் தக்காளி, பாலாடைக்கட்டி, எண்ணெய், ஓரிரு இலை என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் இருப்பதில்லை. வீட்டு ஓவனில் எட்டு முதல் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும் இடத்தில், காய்களைத் தாராளமாகக் குவிக்கும் நாம் அந்தத் தண்ணீரை ஓவனுக்கு வெளியிலேயே இறக்கிவிட வேண்டும்.

அதற்கு எளிய வழி உப்பு. சுக்கினியை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்புத் தூவி, இருபது நிமிடம் வைத்திருந்து பாருங்கள்: முதலில் மேற்பரப்பு பளபளக்கும், பிறகு ஊசிமுனை அளவு துளிகள் அரும்பும், கடைசியில் வில்லைகள் சிறு குளத்தில் மிதக்கும். வெளியே உப்பின் செறிவு கூடியிருப்பதால் உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியே வருகிறது; இதுவே சவ்வூடு பரவல். கத்தரிக்காயில் இதனால் இன்னொரு பயனும் உண்டு. அதன் சதை காற்றறைகள் நிறைந்த பஞ்சு போன்றது, ஆகவே பச்சையாக எண்ணெயில் இட்டால் குடித்துக்கொண்டே இருக்கும். உப்பிட்டுப் பிழிந்தால் அந்த அறைகள் சரிந்து, எண்ணெய் புகும் இடம் குறைகிறது. குடைமிளகாயையும் வெங்காயத்தையும் தனியே அதிகச் சூட்டில் வாட்டிவிடுவது நல்லது. கீரையை வதக்கிப் பிழிய வேண்டும், வேகவைக்காத தக்காளியை நசுக்கிச் சல்லடையில் வடிக்க வேண்டும். வெயிலில் உலர்த்திய தக்காளி, உப்புநீரில் ஊறிய ஆலிவ், ஊறுகாய் போலப் பதப்படுத்திய கேப்பர் செடியின் மொட்டு போன்றவை அந்தக் கடற்கரைகளில் கெடாமல் காப்பதற்காகத் தோன்றிய பக்குவங்கள். சிறிதளவிலேயே அழுத்தமான சுவை தருவதால், வீட்டுப் பீட்சாவுக்கு என் தேர்வு எப்போதும் இவைதான்.

மேலே பகையாக இருக்கும் அதே தண்ணீர் மாவுக்குள் உறவாகிவிடுகிறது. 500 கிராம் மாவுக்கு 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, ஒன்றிரண்டு கிராம் உலர் ஈஸ்ட் என்பது நம்பகமான அளவு. தண்ணீர் பட்டதும் கோதுமையிலுள்ள குளூட்டெனின், கிளையடின் என்னும் இரு புரதங்களும் பிணைந்து குளூட்டன் வலையாகின்றன. முதலாவது மீள்விசையையும் இரண்டாவது நெகிழ்வையும் தருகின்றன. விரித்த மாவு மறுபடி சுருங்கினால் வலை இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். கால் மணி நேரம் மூடி வைத்தால் தானே தளர்ந்துவிடும். பிசைந்த மாவைக் குளிர்பெட்டியில் ஒரு நாள் வைத்தால் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்ய, மாவின் நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துக்கொண்டிருக்கும். குறைந்த சூட்டில் சுடும் வீட்டு ஓவனுக்கு அந்தச் சர்க்கரை பெருந்துணை, ஏனெனில் விளிம்பு விரைவில் சிவக்கிறது. ஓவனுக்குள் சென்றதும் ஈஸ்ட் 60 டிகிரியை எட்டுவதற்குள் இறந்துவிடும். அதற்குப் பிறகும் மாவு பொங்குவது, குமிழிகளுக்குள் சிக்கிய வாயு விரிவதாலும் நீர் ஆவியாவதாலும்தான்.

அடிப்பக்கத்துக்குச் சூடு எதிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ஓவனில் காற்று 250 டிகிரியில் இருந்தாலும் அதற்குள் ஒரு கணம் கையை நீட்ட முடியும். அதே சூட்டிலுள்ள இரும்பைத் தொட முடியாது. காற்று வெப்பத்தை மெதுவாகத் தருகிறது, உலோகம் கொட்டிவிடுகிறது. ஆகவே கனத்த எஃகுத் தகட்டையோ பீட்சாக் கல்லையோ முக்கால் மணி நேரம் உள்ளே காய வைத்து, அதன்மேல் பீட்சாவைச் சறுக்கிவிட வேண்டும். எஃகு கல்லைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், அது இருக்கும்போது அடி கருகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

பாலாடைக்கட்டியிலும் இதே தண்ணீர்தான் பேசுகிறது. நீரில் மிதக்கும் புதிய மொசரெல்லாவில் ஈரம் 60 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். கிழித்து வடிகட்டாமல் போட்டால் அதுவும் ஒரு குளம். ஃபெட்டா என்னும் கிரேக்கப் பாலாடைக்கட்டியோ எவ்வளவு சுட்டாலும் நூலாக இழுபடாது. மொசரெல்லாவில் கேசின் என்னும் பால் புரதங்களைக் கால்சியம் அளவாகப் பிணைத்திருப்பதால் சூட்டில் அவை வழுக்கி நீள்கின்றன. ஃபெட்டாவின் புளிப்பு அந்தக் கால்சியத்தைப் பெருமளவு கரைத்துவிடுவதால் புரதங்கள் தமக்குள் நெருங்கித் திரண்டு, உருகாமல் வெறுமனே மென்மையாகின்றன. எனவே மொசரெல்லாவைக் கீழேயும் ஃபெட்டாவை உதிர்த்து மேலேயும் இடுவதே பொருத்தம். கண்டிப்பான சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் இத்தாலியப் பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் பாலைத் திரித்தே செய்யப்படுகிறது, நுண்ணுயிர் ரென்னெட் என்று குறிப்பிட்ட வேறு கட்டிகள் கிடைக்கின்றன.

உலர்ந்த ஓரிகானோவை முன்பே தூவலாம்; பேசில் இலையின் மணப்பொருட்கள் எளிதில் ஆவியாவதால் அதைச் சுட்ட பிறகே இட வேண்டும். வெளியே எடுத்ததும் பீட்சாவைத் தட்டையான தட்டில் வைக்காதீர்கள். அடியிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருக்கும். குளிர்ந்த தட்டில் மோதி அது மறுபடி நீராகி, அரும்பாடுபட்டு மொறுமொறுப்பாக்கிய அடியை இரண்டே நிமிடத்தில் தளர்த்திவிடும். கம்பி வலைத் தாங்கியில் வைத்தால் ஆவி கீழ்வழியே போய்விடும், அதற்குள் பாலாடைக்கட்டியும் சற்று இறுகி, கத்தி பட்டதும் வழியாமல் நிற்கும்.