முதுகுப் பையின் பாரம் எங்கே இறங்குகிறது?

ஒரே பை, அதே 12 கிலோ. ஒரு விதமாக அடுக்கினால் நாள் முழுக்க நடக்கலாம். வேறு விதமாக அடுக்கினால் சீக்கிரமே கழுத்து பிடித்துக்கொள்ளும். எடை எவ்வளவு என்பதோடு, அது முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் உடலுக்குப் பாரமாகிறது.

12 கிலோவைப் புவி இழுக்கும் விசை சுமார் 118 நியூட்டன். பையின் ஈர்ப்பு மையம் முதுகெலும்புக்கு 15 செ.மீ. பின்னால் இருந்தால், உடலைப் பின்பக்கம் சாய்க்கும் திருப்புவிசை ஏறக்குறைய 18 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. தள்ளிப் போனால் 29. ஒரு கிராம்கூடச் சேர்க்காமலே அறுபது சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. இதைச் சமன்செய்யத்தான் நம்மை அறியாமல் முன்னால் குனிகிறோம். குனிந்தபடி பாதையைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டும். பின்கழுத்துத் தசைகள் ஓய்வில்லாமல் இறுகியே இருக்கும்.

ஆகவே தண்ணீர், புத்தகம், சார்ஜர், மருந்துப் பெட்டி போன்ற கனமானவை பையின் நடுவில், முதுகை ஒட்டி, தோள் எலும்புகளின் உயரத்தில் இருக்கட்டும். தூக்கப்பையும் இரவில் மட்டும் தேவைப்படும் துணிகளும் அடியில். மற்ற துணிகள் வெளிப்பக்கம். கரடுமுரடான மலைப்பாதை என்றால் கனத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். உயரத்தில் கனம் இருந்தால் கால் இடறும்போது அது ஆளையே ஒரு பக்கம் இழுத்துவிடும். அடுக்கி முடித்ததும் பக்கவாட்டுப் பட்டைகளை இறுக்குங்கள். உள்ளே ஆடும் சாமானை ஒவ்வொரு அடியிலும் உடல் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

இனி மாட்டும் முறை. பலர் தோள் வாரை முதலில் இறுக்குகிறார்கள், அங்கேதான் எல்லாம் கெடுகிறது. எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். விலாவுக்குக் கீழே கையை இறக்கினால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். இடுப்புப் பட்டை அந்த விளிம்பின் மேல் உட்கார வேண்டும். வயிற்றைச் சுற்றி இறுக்கினால் தாங்க எலும்பு இல்லாமல் வழுக்கி இறங்கும். பட்டை சரியாக உட்கார்ந்தால் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பு வழியாகக் கால்களுக்குப் போய்விடும். பிறகு தோள் வாரை, தோளை அணைக்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். அதற்கு மேல் இழுத்தால் இடுப்புப் பட்டை மேலே எழும்பி, பாரம் மறுபடி தோளுக்கே வரும். விரல்கள் மரத்துப்போனால், கைக்குச் செல்லும் நரம்புகளை வார் அழுத்துகிறது என்று பொருள்; உடனே தளர்த்துங்கள். பை வாங்கும்போதும் ஆள் உயரத்தைவிட, கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு விளிம்பு மட்டம் வரையுள்ள முதுகின் நீளமே முக்கியம்.

பவர் பேங்க் கனமானதுதான். ஆனால் அதை அடியில் புதைக்காதீர்கள். விமானத்தில் செக்-இன் பையில் அதற்கு அனுமதி இல்லை, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கறையில் அதை அணைப்பது கடினம். பேட்டரி சேமிக்கும் மின்னாற்றலுக்கு வழக்கமான வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 20 ஆம்பியர்-மணி; அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி, தடையில்லை.

ஷாம்பு பாட்டிலை மூடுமுன் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறையும்; பாட்டிலில் மிஞ்சிய காற்று விரிந்து, ஷாம்புவைத் துணி மேல் தள்ளிவிடும்.