கடல் கடந்து பேசும்போது காசு எங்கே போகிறது, குரல் எங்கே காத்திருக்கிறது?

2025 மே 5ஆம் தேதி ஸ்கைப் மூடப்பட்டதிலிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது. டொரன்டோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் அதைத் தெளிவாகக் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய தாயாரிடம் திறன்பேசி கிடையாது, வீட்டுத் தொலைபேசி மட்டுமே உண்டு. ஸ்கைப்பில் முன்பணம் செலுத்தி அந்த எண்ணை அழைத்துப் பேசிவந்த அவர், இனி எந்தச் சேவை மலிவு என்று கேட்பதோடு, சென்னையிலுள்ள அக்காவுடன் வாட்ஸ்அப்பில் மணிக்கணக்காக இலவசமாகப் பேச முடிகிறபோது, அதே இணையத்தில் செல்லும் இந்தக் குரலுக்கு மட்டும் நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஏன் வசூலிக்கிறார்கள் என்றும் கேட்கிறார். இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கு அவரே விடை தேடிக்கொள்ளலாம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செயலியிலிருந்து செயலிக்குச் செல்லும் அழைப்பில் குரல் முழுத் தொலைவையும் இணையத்திலேயே கடக்கிறது. அதற்கான செலவை இரு தரப்பினரும் தத்தம் இணையக் கட்டணத்தில் ஏற்கெனவே செலுத்திவிட்டார்கள். தொலைபேசி எண்ணுக்குச் செல்லும் அழைப்பு அப்படியன்று. அது ஏதோ ஓரிடத்தில் இணையத்தை விட்டிறங்கி, அந்த நாட்டின் தொலைபேசி வலையமைப்புக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைவாயிலில் நிற்கும் உள்ளூர் நிறுவனம், தன் வாடிக்கையாளரின் மணியை அடிப்பதற்காக, நிமிடக் கணக்கில் ஒரு தொகை கேட்கிறது. இதை முடிவிடக் கட்டணம் என்கிறார்கள். இந்தியாவில் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு இத்தொகை 35 காசு முதல் 65 காசு வரை இருக்கலாம் என்று 2020 மே மாதம் முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு கட்டியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இது மிகக் குறைவு. இலங்கையில் பல மடங்கு அதிகம். கியூபா, மாலத்தீவு போன்ற நாடுகளில் இன்னும் அதிகம்.

ஆகவே இணையச் சேவைகளின் விலைப்பட்டியலில் தூரத்துக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. சென்னையிலிருந்து நேர்கோட்டில் 400 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்து எண், 13,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள டொரன்டோ எண்ணைவிட விலை கூடியதாக இருப்பதன் காரணம் இதுதான். எந்த நிறுவனமும் இந்த அடிவிலைக்குக் கீழே நேர்மையாக விற்க முடியாது. எனவே மலிவான சேவைகளிடையே உண்மையான வேறுபாடு, அந்தத் தொகைக்கு மேல் எவ்வளவு வைத்து விற்கிறார்கள் என்பதிலும், குரலை எப்படிக் கொண்டுசேர்க்கிறார்கள் என்பதிலும்தான் இருக்கிறது. இந்தப் பின்னதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஒலி எண்களாக மாறுவது பள்ளிப் பாடம்தான். ஒலிவாங்கியில் விழும் ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கி, அவற்றைக் கோடெக் எனப்படும் நிரல் சுருக்குகிறது. இன்று பரவலாகப் பயன்படும் ஓபஸ் கோடெக் 2012இல் தரப்படுத்தப்பட்டது. அதன் பாதி, ஸ்கைப் பொறியாளர்கள் உருவாக்கிய சில்க் என்ற நிரல் என்பதால், ஸ்கைப் மூடப்பட்டாலும் அதன் ஒரு பகுதி வேறு செயலிகளுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சுருக்கப்பட்ட குரல் 20 மில்லிநொடித் துண்டுகளாக, அதாவது நொடிக்கு 50 பாக்கெட்டுகளாக, அனுப்பப்படுகிறது. குரலுக்கு நொடிக்கு 24 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பாக்கெட்டில் 60 பைட் குரலும், முகவரியும் வரிசை எண்ணும் நேரக்குறியும் அடங்கிய 40 பைட் தலைப்பும் இருக்கும். இரு திசைகளையும் கூட்டினால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஏறத்தாழ 36 மெகாபைட் ஆகிறது. காணொளி பார்ப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

தொலைந்த பாக்கெட்டை மீண்டும் கேட்டு வாங்கும் ஏற்பாடு இங்கே கிடையாது. மின்னஞ்சலில் ஓர் எழுத்துகூடத் தொலையக் கூடாது, தாமதம் பரவாயில்லை. பேச்சில் ஒரு துண்டு தொலையலாம், தாமதிக்கத்தான் கூடாது. 1974ஆம் ஆண்டு, இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில், கலிபோர்னியாவுக்கும் மாசசூசெட்ஸில் உள்ள லிங்கன் ஆய்வகத்துக்கும் இடையே முதன்முதலாகக் குரலை அனுப்பிப் பார்த்தவர்களே இதை உணர்ந்துவிட்டார்கள். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குச் செல்ல 150 மில்லிநொடிக்குள் ஆனால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்றும், 400 மில்லிநொடியைத் தாண்டினால் ஏற்கத்தக்கதன்று என்றும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. கண்ணாடி இழையில் ஒளி 1,000 கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. டொரன்டோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்கோட்டில் இழை போட்டாலே 65 மில்லிநொடிக்கு மேல் ஆகும். கடலடிக் கேபிள்கள் சுற்றிச் செல்வதால் 100ஐத் தாண்டிவிடும். அந்த 100ஐ யாராலும் குறைக்க முடியாது. மீதமுள்ளதை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் பொறியாளரின் கெட்டிக்காரத்தனம் அடங்கியிருக்கிறது.

உண்மையான சிக்கல் தாமதம்கூட அன்று, தாமதம் மாறிக்கொண்டே இருப்பதுதான். சரியாக 20 மில்லிநொடி இடைவெளியில் கிளம்பிய பாக்கெட்டுகள், வழியிலுள்ள ரவுட்டர்களின் வரிசைகளில் நின்று, வீட்டு வைஃபையில் இடிபட்டு வரும்போது, ஒன்று 20 மில்லிநொடி கழித்தும், அடுத்தது 55 கழித்தும், அதற்கடுத்த இரண்டும் ஒட்டிக்கொண்டு 2 மில்லிநொடியிலுமாக வந்துசேர்கின்றன. இதற்கு ஜிட்டர் என்று பெயர். வந்த கணத்திலேயே ஒலிபரப்பினால் பேச்சு திக்கும். எனவே கேட்பவரின் கருவி, வந்தவற்றைச் சற்று நேரம் நிறுத்திவைத்து, வரிசைப்படுத்தி, சீரான இடைவெளியில் வெளியே விடுகிறது. அந்தக் காத்திருப்பு அறைதான் ஜிட்டர் பஃபர். அறை பெரிதானால் எவ்வளவு தாமதமாக வரும் பாக்கெட்டும் தப்பிவிடும், ஆனால் உரையாடல் இழுபடும். சிறிதானால் உரையாடல் சுறுசுறுப்பாக இருக்கும், ஆனால் தாமதமாக வருபவை வீணாகும். வலையமைப்பின் நிலையோ நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. ஆகவே அறையின் அளவையும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றியாக வேண்டும்.

இங்கேதான் அந்த அழகான தந்திரம் வருகிறது. அறையைப் பெரிதாக்குவது என்றால் கையிலுள்ள குரலை மெதுவாக வெளியே விடுவது. சிறிதாக்குவது என்றால் வேகமாக விடுவது. பழைய ஒலிநாடாவை வேகமாகச் சுழற்றினால் குரல் கீச்சென்று உயர்ந்துவிடும் என்பது அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்ற வேண்டும், அதுவும் கேட்பவர் அறியாமல். ஸ்டாக்ஹோமில் தோன்றிய குளோபல் ஐபி சவுண்ட் நிறுவனம் இதற்காக நெட்-ஈக்யூ என்ற முறையை உருவாக்கியது. பின்னாளில் பெயர் மாறியிருந்த அந்நிறுவனத்தை 2010இல் வாங்கிய கூகுள், அடுத்த ஆண்டே அந்த நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக வெளியிட்டது. உலாவியில் நிகழும் அழைப்புகள் பலவற்றில் இன்று அதுவே வேலை செய்கிறது.

அது செய்வது இதுதான். நாம் ஓர் உயிரெழுத்தை ஒலிக்கும்போது குரல்நாண்கள் சீராக அதிர்கின்றன. ஆணின் குரலில் ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிநொடியும், பெண்ணின் குரலில் 5 மில்லிநொடியும் ஆகின்றன. அதாவது 'ஆ' என்று நீட்டினால், ஏறக்குறைய ஒரே வடிவமுள்ள அலை அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கிறது. நிரல் கையிலுள்ள அலையைத் தன்மேலேயே சற்றுத் தள்ளி வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வளவு தள்ளும்போது இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன என்று கண்டுபிடிக்கிறது. அந்த இடைவெளிதான் ஒரு முழு அதிர்வு. வேகப்படுத்த வேண்டுமானால், அப்படி ஓர் அதிர்வை எடுத்துவிட்டு, முன்னதன் முடிவையும் பின்னதன் தொடக்கத்தையும் மெல்ல ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து தைத்துவிடுகிறது. மெதுவாக்க வேண்டுமானால் ஓர் அதிர்வைக் கூடுதலாகச் செருகுகிறது. அதிர்வின் நீளம் மாறவில்லை என்பதால் சுருதி மாறுவதில்லை. எண்ணிக்கை மட்டுமே மாறுகிறது. யாப்புக்காகப் புலவன் ஓசையை நீட்டும் அளபெடையை, வலையமைப்புக்காக ஓர் இயந்திரம் ஓசையின்றிச் செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். ஒரு முறை கூட்டுவதோ குறைப்பதோ சில மில்லிநொடிகளே என்பதால், 'கல்' என்று சொன்னது 'கால்' ஆகிவிடுவதில்லை.

எங்கே கைவைக்கக் கூடாது என்பதும் அதற்குத் தெரியும் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பளிக்கிறது. 'ட்', 'ப்' போன்ற வல்லின ஒலிகளில் காற்று அடைபட்டு வெடிக்கிறது. அந்த வெடிப்பு திரும்ப நிகழ்வதன்று. அங்கே ஒப்பீட்டில் பொருத்தம் கிடைக்காது, எனவே நிரல் தொடாமல் விட்டுவிடுகிறது. மொழியைப் பற்றி எதுவுமே அறியாத அந்த நிரல், உயிரொலியையும் மௌனத்தையும் மட்டும் தேடித் தேடித் திருத்துகிறது.

பாக்கெட் வரவே இல்லையென்றால் இதே உத்தியின் இன்னொரு வடிவம் கைகொடுக்கிறது. கடைசியாகக் கிடைத்த அதிர்வையே திரும்பத் திரும்ப ஒலித்து, சிறிது இரைச்சலைக் கலந்து, படிப்படியாக ஒலியைக் குறைத்துக்கொண்டே போகிறது. ஒரு பாக்கெட் தொலைந்தால் நமக்குத் தெரிவதில்லை. தொடர்ந்து பல தொலையும்போது, ஒரே அதிர்வு நெடுநேரம் திரும்ப ஒலிப்பதால், பேசுபவர் எந்திர மனிதனைப் போல் ஒலிக்கத் தொடங்குகிறார். 2020இல் கூகுள் இதற்கு, செயற்கை நுண்ணறிவில் பயன்படும் நரம்பணு வலைப்பின்னலைப் பயன்படுத்தி, பாதியில் அறுந்த அசையை இயல்பாக முடித்துவைக்கும்படி செய்தது. 2024இல் வெளிவந்த ஓபஸ் 1.5 பதிப்பிலும் அத்தகைய வசதி சேர்ந்தது.

இந்த ஆய்வின் வேர்களுள் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. குரலைச் சில எண்களுக்குள் அடக்கும் நேரியல் முன்கணிப்பு முறையை வளர்த்தெடுத்த பிஷ்ணு அடல், கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றவர்; ஆனால் அந்த வேலையை அவர் செய்தது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். குரலோடு நேரடித் தொடர்பில்லாததுபோல் தோன்றும் கணிதத்துக்குப் பல்லாண்டுகள் சம்பளம் கொடுக்க அங்கே ஒரு தொலைபேசி நிறுவனம் தயாராக இருந்தது. நம் பல்கலைக்கழகங்களில் பேச்சொலி ஆய்வுக்குக் கிடைக்கும் நிதியோ ஒரு திட்டத்தோடு நின்றுவிடுகிறது, கருவியில் தூசி படிகிறது. குரலை மிகவும் சுருக்கி அனுப்பும்போது ழகரமும் றகரமும் எவ்வளவு தெளிவாகக் கேட்கின்றன என்று சோதிக்க வேறு எவரும் வரப்போவதில்லை.

இனி, சேவையைத் தேர்ந்தெடுக்கும் வேலை. எதிர்முனை தரைவழித் தொலைபேசி என்றால், 'உயர்தரக் குரல்' என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பழைய தொலைபேசி வலையமைப்பு, 1972இல் வகுக்கப்பட்ட தரத்தின்படி, நொடிக்கு 8,000 அளவுகளை மட்டுமே எடுத்து, 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கொண்டுசெல்கிறது; செயலி எவ்வளவு துல்லியமாக அனுப்பினாலும் நுழைவாயிலில் மிச்சம் வெட்டப்பட்டுவிடும். தூரம் அதிகம் என்று உரக்கக் கத்திப் பேசும் பழக்கமும் இந்த வெட்டை ஈடுசெய்யாது.

விலைப்பட்டியலைப் பார்க்கும்போது நாட்டின் பெயருக்கு எதிரே உள்ள முதல் எண்ணோடு நின்றுவிடக் கூடாது. பல நாடுகளுக்குத் தரைவழிக்கும் செல்பேசிக்கும் தனித்தனி விலை உண்டு. நொடிக் கணக்கா, நிமிடக் கணக்கா என்பது அதைவிட முக்கியம்: நிமிடக் கணக்கில், ஒரு நிமிடம் ஐந்து நொடி பேசினாலும் இரண்டு நிமிடத்துக்குக் கட்டணம் போகும், இணைப்பு அறுந்து மீண்டும் அழைத்தால் இழப்பு இன்னும் கூடும். சிலர் இணைப்புக்கென்று தனித்தொகை பிடிக்கிறார்கள். சிலர் பயன்படுத்தாத முன்பணத்தைச் சில மாதங்களில் காலாவதியாக்கிவிடுகிறார்கள். மாதத்துக்கு ஓரிரு முறை அழைப்பவருக்கு, நிமிட விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் காலாவதியாகாத கணக்கே லாபம். வைபர் அவுட், ரெப்டெல் போன்ற, தொலைபேசி எண்ணை அழைக்க உதவும் சேவைகளின் விலை அடிக்கடி மாறுவதால், இன்றைய விலையை அவர்களுடைய பக்கத்தில் பார்த்து, மிகச் சிறிய தொகையைச் செலுத்தி, வேலைநாளில் ஒரு முறையும் விடுமுறை மாலையில் ஒரு முறையும் பேசிப் பார்ப்பதே என் பரிந்துரை. அதே வகைச் சேவையான கூகுள் வாய்ஸின் தனிநபர் கணக்கு அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டுமே என்பதால் கனடாவில் இருப்பவர் அதை எண்ணிப் பயனில்லை. வீட்டு இணையம் மோசமாக இருப்பவர்கள், உள்ளூர் எண் ஒன்றை அழைத்து அதன் வழியே வெளிநாட்டுக்குச் செல்லும் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தால், ஜிட்டரின் பெரும்பகுதி உருவாகும் வைஃபையையே தவிர்த்துவிடலாம்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். நுழைவாயில் கட்டணத்தை ஏய்ப்பதற்காக, பல சிம் அட்டைகள் செருகிய பெட்டியொன்றை உள்ளூரில் மறைத்துவைத்து, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் கும்பல்கள் உண்டு. டொரன்டோவிலிருந்து அழைத்தாலும் தாயாரின் கருவியில் அறிமுகமில்லாத உள்ளூர் செல்பேசி எண் தெரிவது இதன் அடையாளம். சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, குரல் ஒருமுறை விரிக்கப்பட்டு இன்னொரு கோடெக்கால் மீண்டும் சுருக்கப்படுவதால் தெளிவும் கெடுகிறது, தாமதமும் ஏறுகிறது. இந்தியாவில், வெளிநாட்டிலிருந்து இந்திய எண்போல் வேடமிட்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எனவே எண்ணை மாற்றிக்காட்டும் சேவைகளின் அழைப்பு வீடு சேராமலே போகவும் கூடும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்குக்கு முன்பே வேறொன்று குறுக்கிடுகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பு இயங்காது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளையே பயன்படுத்த வேண்டும். தடையைத் தாண்டுவதற்காக, இணையத்தில் இருக்குமிடத்தை மறைக்கும் விபிஎன் பயன்படுத்துவது அங்கே பெரும் அபராதத்துக்குரிய குற்றமாகலாம் என்பதால், அந்தத் தொகையையும் நிமிட விலையோடு சேர்த்துப் பார்த்துவிட்டுச் சேவையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.