வண்டியில் ஆர்க் அடிக்கும் முன்

"அண்ணே, சின்ன டச்சிங்தான். ரெண்டு டாக் போட்டு விடுங்க, லோடு ஏத்தப் போகணும்." வண்டிப் பட்டறையில் வெல்டர் காதில் தினமும் விழும் பேச்சு. டாக் என்றால் சின்னப் புள்ளி ஒட்டு. கேட், கிரில் ஒட்டுகிற இடத்தில் இந்த அவசரத்தால் பெரிய நட்டம் இல்லை. ஒட்டு விட்டுப்போனால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். வண்டியில் ஒரே இரும்புச் சட்டத்தோடு பேட்டரி, வயரிங், டீசல் டேங்க், ஏர் பைப், பேரிங், இசியு (வண்டியின் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. ஆர்க் எரிவது ஓரிடம், கெட்டுப்போவது வேறிடம். இதைப் புரிந்துகொண்ட வெல்டர் மிஷினை ஆன் செய்வதற்கு முன்பே பாதி வேலையை முடித்திருப்பார்.

எர்த் கிளாம்பிலிருந்து (எர்த் கேபிளின் கவ்வி) தொடங்குவோம். பட்டறையில் யாரும் அதை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. மிஷினிலிருந்து வெல்டிங் ராடு வழியாக வண்டிக்குள் இறங்கும் 100, 150 ஆம்பியர் கரண்ட், எர்த் கேபிள் வழியாகத் திரும்பியாக வேண்டும். கிளாம்புக்கும் ஒட்டும் இடத்துக்கும் நடுவில் எது இருந்தாலும் அதன் வழியாகத்தான் போகும். கிளாம்பைச் சேசிஸில் மாட்டிவிட்டு வீல் ஹப்பிலோ புரொபெல்லர் ஷாஃப்டிலோ ஒட்டினால், கரண்ட் பேரிங்கைத் தாண்டித்தான் திரும்ப முடியும். குண்டும் ரேஸும் (குண்டு உருளும் வளையம்) தொடுகிற இடம் ஊசிமுனை அளவுதான். அந்த முனையில் பொறி பறந்து ரேஸில் பொடிப்பொடிக் குழிகள் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் ஓடியபின் பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும், ஓனர் பேரிங் கம்பெனியைத் திட்டுவார். கழற்றிய பேரிங்கை டீசலில் கழுவி வெளிச்சத்தில் பார்த்தால் ரேஸில் அந்தக் கருப்புப் புள்ளிகள் தெரியும்.

ஆகவே ஒட்டப்போகும் அதே பாகத்தில், முடிந்தால் ஓர் அடிக்குள் கிளாம்பை மாட்டுங்கள். கதவில் வேலை என்றால் கிளாம்பும் கதவில் இருக்க வேண்டும், பாடியில் மாட்டினால் கரண்ட் கீல் வழியாகத்தான் திரும்பும். பெயின்ட், துரு, கிரீஸ் எல்லாவற்றையும் கிரைண்டரால் எடுத்து வெள்ளை இரும்பு தெரிந்தபின் மாட்டவேண்டும். கிளாம்பிலேயே பொறி பறக்கிறது என்றால் பிடிப்பு சரியில்லை, கரண்ட் வேறு வழி தேடுகிறது. இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் ஆக்சிலேட்டர் கேபிளும் கியர் கேபிளும்கூட கரண்டுக்கு வழியாகிவிடும். கேபிள் உறை உருகிய வண்டிகள் பட்டறைக்கு வருவது இப்படித்தான்.

அடுத்தது பேட்டரி. சாவியை ஆஃப் செய்துவிட்டால் போதாது, டெர்மினலைக் கழற்ற வேண்டும். முதலில் நெகட்டிவ். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே ஷார்ட் ஆகும். திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் வரிசையில் சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன, சேசிஸுக்குப் போகும் நெகட்டிவைத்தான் எடுக்க வேண்டும். பேட்டரியைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், சில வண்டிகளில் சுவிட்சுக்கு முன்பிருந்தே தனி வயர் போகும். பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வேலை என்றால் பேட்டரியையே இறக்கி வைத்துவிடுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், அது காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் இன்னும் இரண்டு விஷயம். புகையைச் சுத்தம் செய்யும் யூரியா டேங்க் உள்ள வண்டியில் சாவியை ஆஃப் செய்ததும் பம்ப் சில நிமிடம் ஓடி, பைப்பில் உள்ள யூரியாவைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதற்குள் பேட்டரியைக் கழற்றினால் யூரியா உள்ளேயே நின்று உப்பாக உறைந்து அடைக்கும். ஆகவே சாவி ஆஃப், காத்திருப்பு, பிறகு டெர்மினல். இரண்டாவது, இன்ஜின் இசியு, ஏபிஎஸ் யூனிட், நாக்ஸ் சென்சார் (புகையை அளப்பது) இவற்றின் சாக்கெட்டுகளைக் கம்பெனி மேனுவல் கழற்றச் சொன்னால் கழற்றித்தான் ஆக வேண்டும். திடீர் வோல்ட் ஏற்றத்தைத் தடுக்கப் பேட்டரி முனையில் மாட்டும் சர்ஜ் புரொடெக்டர்கள் கடையில் கிடைக்கின்றன. கழற்றும் வேலைக்கு அவை மாற்று ஆகாது. காரில் ஏர்பேக் உண்டு. டெர்மினலை எடுத்தபிறகும் அதன் யூனிட்டில் சார்ஜ் கொஞ்ச நேரம் நிற்கும், மேனுவல் சொல்லும் நிமிடங்கள் காத்திருங்கள்.

இந்த வேலைகளுக்கெல்லாம் அரை மணியாவது பிடிக்கும். அதற்குக் கூலி கேட்க வெல்டர்கள் கூச்சப்படுகிறார்கள். ராடு கணக்கிலேயே கூலி பேசிப் பழகியதால் வந்த வினை. "பேட்டரி, சாக்கெட் கழற்றி மாட்ட" என்று பில்லில் தனி வரியாகவே எழுதலாம்.

எரிபொருள் டேங்கைப் பற்றி ஒரே பேச்சு: ஒட்டாதீர்கள், மாற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருக்கும்போது வெடிக்கும். நிறைந்த டேங்கைவிட காலி டேங்க் ஆபத்தானது என்பது இதனால்தான், வெடிப்பதற்கு ஏற்ற கலவை காலி டேங்கில்தான் சேருகிறது. "டீசல்தானே, தீப்பிடிக்காது" என்பார்கள். சாதாரணச் சூட்டில் பெட்ரோல் அளவுக்கு டீசல் ஆவியாவதில்லை, உண்மை. ஆனால் ஆர்க் சூடு பட்டதும் உள்சுவரிலும் மடிப்பிலும் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் ஆவியாகி அதே கலவையைத் தரும். உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளின் மூலையில் தேங்கியிருப்பதை எவ்வளவு சோப்புத் தூள் போட்டு அலசினாலும் முழுதாக எடுக்க முடியாது. இன்னொரு வண்டியின் சைலன்சர் புகையை டேங்குக்குள் விட்டுவிட்டு ஒட்டும் பழக்கமும் இருக்கிறது. ஐடிலில் ஓடும் டீசல் இன்ஜின் புகையில் எரியாத ஆக்சிஜன் நிறைய இருக்கும், அந்தப் புகை தீயை அடக்காது. மாற்றவே முடியாத டேங்க் என்றால் நீராவியில் கழுவி, கேஸ் மீட்டர் வைத்துப் பார்த்து ஒட்டுகிறவர்களிடம் அனுப்புங்கள்.

டேங்குக்குப் பக்கத்து பிராக்கெட் ஒட்டவேண்டுமா? ஈரச் சாக்கு போட்டு மூடுவது போதாது, டேங்கை இறக்குங்கள், லைன் வாயை அடைத்துவிடுங்கள். எல்பிஜி வண்டியில் கசிவு இருந்தால் அந்த கேஸ் காற்றைவிடக் கனம், பட்டறைக் குழிக்குள் இறங்கித் தங்கும். சிஎன்ஜி சிலிண்டரில் 200 பார் அழுத்தம், அதன் அருகே சூடே ஆகாது. ஏர் பிரேக் டேங்கையும் ஒட்டக்கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று டயர். டயர் மாட்டிய ரிம்மில் விரிசலை ஒட்டுவதற்குக் காற்றை இறக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ரிம் சூடாகும்போது உள்ளே ரப்பர் சிதைந்து எரியும் வாயுக்கள் உண்டாகும், அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏறும். வெல்டிங் முடிந்து கொஞ்ச நேரம் கழித்தும் வெடிக்கலாம். டயரை ரிம்மிலிருந்து முழுக்கக் கழற்றாமல் ஆர்க் அடிக்கக் கூடாது. சூடு காட்டினால் ஷாக் அப்சார்பரும் டிக்கி கேஸ் ஷாக்கும் இப்படியே வெடிக்கும்.

சேசிஸுக்கு வருவோம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுபவர்களுக்கு இது பாலபாடம், ஊர்ப் பட்டறைகளில்தான் மறந்துபோகிறது. சேசிஸின் சி வடிவ நீள இரும்பான சி-சேனலின் மேல் பட்டையும் கீழ்ப் பட்டையும்தான் லோடின் இழுப்பையும் நசுக்கலையும் தாங்குகின்றன. நடுச்சுவரில் அழுத்தம் குறைவு. பட்டையில் குறுக்கே ஒரு பீட் (ஒட்டுக் கோடு) போட்டால் விரிசல் எங்கே தொடங்க வேண்டும் என்று நாமே கோடு கிழித்துக் கொடுத்த மாதிரி. பிராக்கெட்டை நடுச்சுவரில் போல்ட் போட்டு மாட்டுங்கள். வெல்டிங்கே கூடாது என்று கம்பெனி சொல்லும் ஹை டென்சைல் (அதிக பலமுள்ள எஃகு) சேசிஸ்களும் உண்டு, முதலில் மேனுவலைப் பாருங்கள்.

ஒட்ட அனுமதி உள்ள சேசிஸில் விரிசல் என்றால், டை பெனிட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்து அதன் கடைசி முனையைக் கண்டுபிடியுங்கள், கண்ணுக்குத் தெரிவதைத் தாண்டியும் போயிருக்கும். முனையில் ஒரு துளை போட்டு நிறுத்தி, விரிசலை வி வடிவத்தில் கிரைண்ட் செய்து 7018 ராடில் (ஹைட்ரஜன் குறைந்த வகை) நிரப்புங்கள். வழக்கமான 6013 ராடு ஓட்ட எளிது என்பதற்காக அதை இங்கே எடுக்காதீர்கள். 7018ஐயும் பாக்கெட்டில் எழுதிய சூட்டில் ஓவனில் உலர்த்த வேண்டும். ஐப்பசி மழையில் திறந்து கிடந்த ராடு ஈரத்தை உறிஞ்சியிருக்கும், அந்த ஈரத்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய் பீட்டுக்குப் பக்கத்திலேயே புது விரிசலைப் பிறப்பிக்கும். ஒட்டியதும் தண்ணீர் ஊற்றி ஆற்றுகிறார்களே, அதைப்போல் கெடுதல் வேறில்லை. சட்டென்று குளிர்ந்த இரும்பு கெட்டிப்பட்டு முறியும். தானாக ஆறட்டும். ஒட்டின் மேலே பலத்துக்கு வைக்கும் பிளேட்டின் இரு முனையும் சாய்வாக வெட்டியிருக்க வேண்டும், நேராக முடிந்தால் அந்த ஓரத்திலேயே அடுத்த முறிவு.

கார் பாடியின் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மிக் மிஷினில் 0.8 மில்லிமீட்டர் வயர், ஆர்கான்-சிஓ2 கலவை நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஒட்டியதும் இடம் மாறுவது என்று போனால் நெளியாது. கம்பெனி ஸ்பாட் வெல்டு இருந்த இடத்தில் மேல் தகட்டின் 8 மில்லிமீட்டர் துளையில் பிளக் வெல்டு (துளையை நிரப்பும் ஒட்டு) வைக்கலாம். முதலில் அதே தடிமன் துண்டில் ஒட்டிப் பிய்த்துப் பாருங்கள். கீழ்த் தகட்டில் துளை விழும்படி பிய்ந்தால்தான் பிடித்திருக்கிறது. துளை விழாமல் ஒட்டு மட்டும் கழன்று வந்தால் கரண்ட் போதவில்லை. புதுக் கார்களின் பி-பில்லரில் (முன், பின் கதவுகளுக்கு நடுவே உள்ள தூண்) இருக்கும் போரான் எஃகை மட்டும் கேஸ் சூடு காட்டி நிமிர்த்தாதீர்கள், சூட்டில் அதன் பலமே போய்விடும்.

இனி ஒட்டுகிறவரின் உடம்பு. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் சேர்த்தது. நாக (ஜிங்க்) பூச்சு உள்ள தகட்டில் இன்னொரு தொல்லை. நாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும், எஃகு உருகவோ 1,500 டிகிரி அளவுக்கு வேண்டும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தவருக்கு ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் போகும். பால் குடிப்பதும் வெல்லம் தின்பதும் இதைத் தடுப்பதில்லை. ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் பூச்சைச் சுரண்டிவிட்டு, என்95 மாஸ்க் போட்டு, முகத்தைப் புகைக்கு நேராக வைக்காமல் ஒட்டுங்கள். கைக்குட்டை இந்தப் புகையை வடிகட்டாது. பிரேக் கிளீனர் ஸ்பிரே டப்பாவில் "குளோரோ" என்று வரும் பெயர் இருந்தால் ஒட்டும் இடத்தில் அதை அடிக்கவே கூடாது, ஆர்க்கில் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும்.

கண்ணை மூடிக்கொண்டு டாக் அடிப்பது பட்டறையில் பெருமை. இமை மட்டும் கொஞ்சம் காக்கும், முகத்துத் தோல் வேகும். அதிகம் மாட்டிக்கொள்வது தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஹெல்பர் பையன். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைப்பது எல்லாம் கிருமியை உள்ளே விடும் வேலை. மரத்துப்போகும் சொட்டு மருந்தை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் கருவிழிப் புண் ஆறாது. கண் டாக்டரிடம் போங்கள். 10 அல்லது 11ஆம் நம்பர் கண்ணாடி உள்ள ஹெல்மெட் ஒட்டுகிறவருக்கு ஒன்று, ஹெல்பருக்கு ஒன்று.

வண்டிக்கு அடியில் ஈரத் தரையில், வேர்வைச் சட்டையோடு படுத்து ஒட்டும்போது ராடு பிடிக்கும் ஹோல்டரின் 80 வோல்ட் போதும் ஆளை அடிக்க. ஆர்சிசிபி (மின்கசிவில் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டியிருக்கிறோமே என்பது இங்கே உதவாது, அது மிஷினுக்கு வரும் லைனைத்தான் பார்க்கும், ஹோல்டர் பக்கத்தைப் பார்க்காது. அடியில் காய்ந்த பலகையோ ரப்பர் பாயோ விரியுங்கள், விரிசல் விட்ட ஹோல்டரை மாற்றுங்கள், நனைந்த கிளவுஸைக் கழற்றிவிட்டு வேறு போடுங்கள்.

ஒட்டி முடித்ததும் தகட்டின் மறுபக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கார்ப்பெட், சீட் ஃபோம், பில்லருக்குள் இருக்கும் மெழுகுப் பூச்சு, அடிப்பாகத் தார்ப் பூச்சு இவை உடனே பற்றாமல் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். அரை மணியாவது ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் வேண்டும். சாயங்காலம் எட்டு மணிக்குக் கடை அடைப்பவர் ஏழு மணிக்குமேல் வண்டியில் ஆர்க் அடிக்காமல் இருந்தால் இந்த நேரம் தானாகக் கிடைத்துவிடும்.