திரையில் தெரியும் கறுப்பு

மார்பக அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குப் படுத்திருப்பவர் எப்படியும் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்துவிடுவார். சாம்பல் நிறத்துக்கு நடுவே கோலிக்குண்டு போல ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தால் நெஞ்சு திக்கென்று இருக்கும். ஆனால் அந்த ஸ்கேனில் கன்னங்கரேலென்று தெரிவது பெரும்பாலும் வெறும் நீர்.

நம் காதுக்கு எட்டுவது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான். மார்பகத்தின் மேல் வைத்து நகர்த்தும் கருவி அனுப்பும் ஒலியோ நொடிக்குச் சுமார் ஒரு கோடி முறை அதிர்வது. உடலின் மென்மையான திசுக்களில் அது நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. 3 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப, ஒரு நொடியில் 25,000-இல் ஒரு பங்கு போதும். எதிரொலி எப்போது வந்தது என்பதிலிருந்து ஆழத்தையும், எவ்வளவு வலுவாக வந்தது என்பதிலிருந்து வெளிச்சத்தையும் கணக்கிட்டுப் படம் வரையப்படுகிறது. நடுவில் மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலும் ஒலி தோலைத் தாண்டாமல் திரும்பிவிடும். ஏசி அறையில் சில்லென்று தடவுகிறார்களே ஜெல், அது அந்தக் காற்றை விரட்டத்தான்.

நீர்க்கட்டிக்குள் ஒலி மோத எதுவுமில்லை. எதிரொலி இல்லாத இடம் கறுப்பு. நீர் ஒலியை அதிகம் உறிஞ்சாததால் கட்டிக்குப் பின்னால் கூடுதல் வெளிச்சம் விழும். முழுக் கறுப்பு, தெளிவான விளிம்பு, பின்னால் வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் அது சாதாரண நீர்க்கட்டி. இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டி திடமானது. வழக்கமாக முட்டை வடிவில், படுத்தவாக்கில், வழவழப்பான ஓரத்துடன் இருக்கும். கட்டி நின்றவாக்கில், ஓரம் பிசிறடித்து, பின்னால் நிழலும் விழுந்தால் மருத்துவருக்குச் சந்தேகம் வரும். அப்போதும் படம் தீர்ப்புச் சொல்லாது. ஊசியால் திசு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வயிற்று ஸ்கேன் போல வெறும் வயிற்றோடு போகவோ, தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்காரவோ வேண்டாம். பவுடர், கிரீம் பூசாமல், மேலாடையைத் தனியாகக் கழற்றும்படியான உடையில் போனால் வசதி. கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வார்கள். மார்பகம் தட்டையாகப் பரவும். அக்குளையும் பார்ப்பார்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் செய்யலாம்.

இந்த ஸ்கேனுக்குச் சரியாகப் பிடிபடாதது ஒன்று உண்டு: பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள். சில புற்றுநோய்களின் முதல் தடயம் அவைதான். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மாமோகிராமில்தான் அவை பளிச்சென்று தெரியும். அதனால், ‘ஸ்கேன் எடுத்தாயிற்றே, அது எதற்கு’ என்று மாமோகிராமைத் தட்டிக்கழிப்பது சரியல்ல.

ரிப்போர்ட்டில் ‘2 மணி’, ‘10 மணி’ என்றிருந்தால் அது நேரமல்ல. மார்பகத்தைக் கடிகார முகப்பாக வைத்து இடத்தைக் குறிக்கிறார்கள். அடியில், படத்தில் கண்டது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்பதைச் சொல்லும் பை-ராட்ஸ் (BI-RADS) எண் ஒன்று இருக்கும். 2 என்றால் தீங்கற்றது. 3 என்றால் அநேகமாகத் தீங்கற்றது, பொதுவாக ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் திசுப் பரிசோதனை. 0 என்பதைப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று வீடு திரும்பிவிடாதீர்கள்; படம் போதவில்லை, இன்னொரு பரிசோதனை வேண்டும் என்று அர்த்தம்.