கிம்பலுக்கு அடிவானம் தெரியாது

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ட்ரோனில் எடுத்த படம் லேசாகச் சாய்ந்திருந்தால், எடுக்கும்போது யாருக்கும் தெரியாது. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே எது நேர், எது சாய்வு என்று கண்ணால் எப்படிச் சொல்வது? கீழே மேட்டுப்பாளையம் சமவெளி திரைக்குள் வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கேமராவைத் தாங்கும் கிம்பலுக்கும் கண் கிடையாது. அதிலுள்ள சிறு மோட்டார்கள் இரண்டு சென்சார்களின் பேச்சைக் கேட்டுத்தான் கேமராவைத் திருப்புகின்றன. கைரோஸ்கோப், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று சொல்லும். முடுக்கமானி, புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சொல்லும். முதலாவது வேகமானது; ஆனால் சும்மா நிற்கும்போதும் கொஞ்சம் திரும்புவதாகச் சொல்லும், அந்தப் பிழை நொடிக்கு நொடி சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவது நின்று நிதானமாகப் பார்த்தால் நம்பலாம்; ஆனால் ட்ரோன் வளையும்போது அந்த விசையையும் புவியீர்ப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும். இரண்டையும் கலந்துதான் மென்பொருள் ஒரு முடிவுக்கு வருகிறது. மலைமுகட்டைச் சுற்றி வேகமாக வட்டமடித்த பிறகு படம் சாய்ந்தால், சில நொடி அந்தரத்தில் நிறுத்திப் பாருங்கள். தானாக நேரானால் பழுது ஒன்றுமில்லை.

குளிர் வேறு கதை. கைரோஸ்கோப்பின் பிழை வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், ஜனவரி விடியலில் புல் மேல் உறைபனி கிடக்கும்போது, ஸ்விட்சைப் போட்டதும் பறக்கவிடாதீர்கள். சென்சார் கொஞ்சம் சூடாகி நிலைப்படட்டும். அப்புறமும் சாய்ந்தால் கிம்பலை அளவீடு (calibration) செய்ய வேண்டும், அதாவது ட்ரோனைத் தரையில் வைத்து எது நேர் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்போது தரை மட்டமாக இருக்கிறது என்று மென்பொருள் நம்பிவிடும். மலையில் சிக்கலே அங்கேதான்! கார் பானெட்டோ வீட்டு வாசல் திண்ணையோ மட்டமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கொத்தனாரின் ரசமட்டத்தை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

இன்னொரு தொல்லை, படம் ஜெல்லி போல நெளிவது. கேமராவின் சென்சார் படத்தை ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே கேமரா நடுங்கினால் நேர்க்கோடு வளைந்துவிடும். ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க இறக்கைகள் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும். நுனி தேய்ந்த இறக்கையின் நடுக்கம் அந்த வேகத்தில் இன்னும் பெரிதாகும். நடுக்கத்தை உறிஞ்ச வேண்டிய ரப்பர் குமிழ்களோ குளிரில் விறைத்துவிடும். ஆகவே முதலில் இறக்கைகளைப் பாருங்கள், அப்புறம் ரப்பரில் கிழிசல் உண்டா என்று பாருங்கள். மென்பொருளை நோண்டுவது கடைசி வேலை.

மலை வெயில் கண்ணைக் கூசுகிறதே என்று கனமான ஃபில்டரை லென்ஸில் மாட்டுகிறவர்கள் உண்டு. கிம்பல் கேமராவின் எடைக்குத் துல்லியமாகச் சமன் செய்யப்பட்டது. சில கிராம் கூடினாலும் மோட்டார் ஓயாமல் மல்லுக்கட்டிச் சூடாகும். அந்தக் கேமராவுக்கென்றே செய்த ஃபில்டர் மட்டும் போதும்.

மூடுபனியில் பறக்கவிடாமல் இருப்பதே நல்லது. தெளிந்த காலையில் பறந்தாலும், குளிர்ந்த ட்ரோனை அப்படியே அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் பூக்கும், உள்ளேயும் பூக்கும். வெளியிலேயே காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். ஈரம் பைக்கு வெளிப்புறம் படியும். பை அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம். அதன் பின் லென்ஸைத் துடைக்கும்போது கேமராவை விரலால் தாங்கிக்கொள்ளுங்கள், அழுத்தம் கிம்பல் கைக்குப் போகக் கூடாது.